மூன்றாவது ஃபவுலுக்கு முன்

கடந்த ஜனவரியில் ரெயூனியன் தீவின் சேன்-தெனியில் நடந்த ஒரு நாள் பூல் போட்டியில் (மேசையில் பந்துகளைக் குழியில் போடும் பில்லியர்ட்ஸ் வகை), காலிறுதியில் தோற்று வெளியேறினேன். தோல்வி என்னை உறுத்தவில்லை. என்னைவிட நன்றாக ஆடியவரிடம் தோற்றேன், அவ்வளவுதான். உறுத்துவது வேறொன்று. அன்று என்னோடு வந்து, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்த என் அக்கா மகன், சேன்-ஆந்த்ரேவுக்குத் திரும்பும்போது காரில் கேட்டான்: "மாமா, நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சேதான ஃபவுல் பண்ணீங்க? அதை ஏன் அங்க யாருமே தப்புன்னு சொல்லல?"

உடனே பதில் சொன்னேன். "இந்த ஆட்டத்துல அது அனுமதிச்ச விஷயம்டா. அதான் புள்ளி கழிச்சிட்டாங்கல்ல." அவன் விடவில்லை. "கழிச்சிட்டா சரியாயிடுமா?" வீடு வந்து சேரும்வரை இருவரும் மாறி மாறிப் பேசினோம். காரை நிறுத்தும்போது, நான் சொன்ன எந்தப் பதிலும் எனக்கே போதவில்லை என்று தெரிந்தது. கணக்கு எழுதுவது என் தொழில். கட்டணம் எது, தண்டம் எது என்று பிரித்து எழுதியே பல வருடங்கள் போயிருக்கின்றன. அப்படியும் இந்த ஒரு புள்ளியை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அதற்குப் பிறகு மனம் இதையே சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூல் என்றாலே நம்மில் பலருக்கு 8 எண் போட்ட கறுப்புப் பந்தைக் கடைசியில் போடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஸ்ட்ரெய்ட் பூல் வேறு வகை. அமெரிக்காவில் பிறந்தது, 1910 வாக்கில் ஜெரோம் கியோ என்ற ஆட்டக்காரர் இதன் இன்றைய வடிவத்தை முன்வைத்தார். 15 பந்துகள். எண்ணோ நிறமோ பொருட்டில்லை, எந்தப் பந்தைப் போட்டாலும் ஒரு புள்ளிதான். ஆனால் எந்தப் பந்து, எந்தக் குழி என்று அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 14 பந்துகள் விழுந்ததும் ஆட்டம் ஒரு கணம் நிற்கும். மேசையில் மிஞ்சிய ஒற்றைப் பந்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, விழுந்த 14 பந்துகளையும் முக்கோணமாக அடுக்குவார்கள். உச்சிப் பந்தின் இடம் மட்டும் காலியாக இருக்கும். இப்போது அந்த ஒற்றைப் பந்தைக் குழியில் போட வேண்டும், அதே அடியில், கியூ என்ற கோலால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து போய் அடுக்கில் மோதி அதைக் கலைக்கவும் வேண்டும். கலைந்தால் அவர் தொடர்ந்து ஆடிக்கொண்டே போகலாம். பிரெஞ்சில் இதற்குக் கத்தோர்ஸ்-அன் என்று பெயர். பிரெஞ்சு பில்லியர்ட்ஸ் சம்மேளனத்தின் ஆட்ட வகைகளில் இதுவும் உண்டு, ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்தாலும் ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம்தான் என்பதால், எங்கள் கிளப்பிலும் இதை விரும்பி ஆடுகிற ஒரு சிறு கூட்டம் இருக்கிறது.

ஆட்டத்தின் உயிர் அந்த ஒற்றைப் பந்தில் இருக்கிறது. அதை பிரேக் பால் என்பார்கள். நல்ல ஆட்டக்காரர் மேசையில் ஏழெட்டுப் பந்துகள் இருக்கும்போதே, கடைசியில் எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்துவிடுவார். அடுக்கு நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு பந்தைத் தொடாமல் காப்பாற்றிக்கொண்டே மற்றவற்றை எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பந்துக்குச் சரியான கோணத்தில் வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தித் தருவதற்கென்றே அதற்கு முந்தைய பந்தையும் தேர்ந்து வைத்திருப்பார். இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் ஸ்ட்ரெய்ட் பூல் சலிக்கவே சலிக்காது. புரியாமல் பார்ப்பவருக்கு யாரோ ஒருவர் எளிய பந்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருப்பதாக மட்டுமே தெரியும்.

இனி ஃபவுல். வெள்ளைப் பந்து முதலில் ஏதாவது ஒரு பந்தைத் தொட வேண்டும். தொட்ட பிறகு ஒரு பந்து குழியில் விழ வேண்டும், அல்லது வெள்ளையோ வேறு ஏதோ ஒரு பந்தோ மேசையின் ஓரச் சுவரான குஷனைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஃபவுல். இன்று தொலைக்காட்சியில் காட்டும் பூல் வகைகள் பலவற்றில், ஒருவர் ஃபவுல் செய்தால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, மேசையில் தனக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அது பெரிய வரம் என்பதால் வேண்டுமென்றே ஃபவுல் செய்ய யாரும் எளிதில் துணிவதில்லை. ஸ்ட்ரெய்ட் பூலில் வெள்ளை குழியில் விழுந்தாலோ மேசையை விட்டு வெளியே போனாலோ தவிர, அது நின்ற இடத்திலேயே நிற்கும். எதிராளி அங்கிருந்தேதான் ஆட வேண்டும். ஃபவுல் செய்தவருக்கு ஒரு புள்ளி கழியும், அதோடு சரி. ஆனால் இடையில் முறையான அடி ஒன்றுகூட இல்லாமல் அதே ஆள் அடுத்தடுத்து மூன்று ஃபவுல் செய்துவிட்டால், மூன்றாவதற்கான ஒரு புள்ளியோடு மேலும் 15 புள்ளிகள் போய்விடும். 15 பந்துகளையும் புதிதாக அடுக்கி, ஆட்டத்தின் தொடக்க அடியையும் அவரே அடிக்க வேண்டும். அந்த அடியை யாரும் விரும்பி ஏற்பதில்லை. சொன்ன பந்து குழியில் விழாவிட்டால் வெள்ளையோடு இன்னும் இரண்டு பந்துகளாவது குஷனுக்குப் போய்வர வேண்டும், அந்தப் போக்குவரத்தில் ஏதோ ஒரு பந்து எதிராளிக்குத் திறந்துகொள்ளும்.

ஈரத் துணி

ஜனவரி எங்களுக்குக் கோடை. மழையும் அப்போதுதான், புயலும் அப்போதுதான். காற்றில் ஈரம் ஏறினால் மேசைத் துணி அதைக் குடித்துவிடும். பந்து வழக்கமான தூரம் ஓடாது, அடுக்கு வழக்கம்போலச் சிதறாது. அன்று காலையிலிருந்தே விடாத மழை. ஏசி போட்டிருந்தும் கதவு திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே வந்தது. முதல் சுற்றிலேயே பலரும் அடுக்கைக் கலைக்க முடியாமல் திணறினார்கள். பெரிய போட்டிகளில் 100, 125, 150 புள்ளிகள்வரை ஆடுவார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே நாள் என்பதால் 60 புள்ளிகள், அல்லது ஆளுக்கு 30 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை ஆட்டம் என்று வைத்திருந்தார்கள். தனி ரெஃப்ரி கிடையாது. ஆடாதவர்களில் ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொள்வார். பிரெஞ்சு பில்லியர்ட்ஸ் மரபில் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் எடுத்த புள்ளிகள், ஒரே மூச்சில் எடுத்த அதிகபட்சம், மொத்தத்தை முறைகளால் வகுத்த சராசரி எல்லாம் அதில் ஏறும். தோற்றவர்கூட அன்றைக்குத் தான் எப்படி ஆடினேன் என்பதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

காலிறுதியில் எனக்கு எதிராக வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த தமிழர்களின் வழி வந்தவர். தமிழில் பேச வராது, கோயிலில் பாடுகிற பாட்டுகள் மட்டும் மனப்பாடம். நாங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசிக்கொண்டோம். தைப்பூசக் காவடிக்கு விரதத்தில் இருந்தார். மற்றவர்கள் மதியம் சமூசாவும் பொம்போன் பிமான் என்ற மிளகாய் வடையும் வாங்கிச் சாப்பிட்டபோது, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறும் பருப்பும் உண்டார். கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் அதன்மேல் ஒரு துணிப் பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டார். கயிற்றின் நுனி தவறிப்போய் ஒரு பந்தை உரசினாலும் ஃபவுல் ஆகிவிடும் என்பதற்காக. சுற்றிய பிறகு மேசைமேல் கையை வைத்து, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் கியூவை எடுத்தார்.

ஆட்டத்தின் முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் கொஞ்சம் போட்டார், நான் கொஞ்சம் போட்டேன். அவர் 41, நான் 37 என்று இருக்கும்போது மேசையில் ஒற்றைப் பந்து மிஞ்சி, அடுக்கு புதிதாக வைக்கப்பட்டது. முறை என்னுடையது. பிரேக் பால் குழியில் விழுந்தது, அது என் 38ஆவது புள்ளி. ஆனால் வெள்ளை அடுக்கின் இடப்பக்கம் மோதி அங்கேயே ஒட்டிக்கொண்டது. வறண்ட நாளாக இருந்திருந்தால் நாலைந்து பந்துகளாவது வெளியே வந்திருக்கும். அன்று வலது ஓரத்தில் ஒன்றிரண்டு லேசாக விலகியதோடு சரி. போடுவதற்கு எதுவும் இல்லை. சேஃப்டி, அதாவது புள்ளிக்கு முயலாமல் எதிராளிக்கு வழி விடாத அடி, என்று சொல்லிவிட்டு, வெள்ளையை அடுக்கின் ஓரமாக வழுக்கி, கீழ்க் குஷனில் தட்டி, அடுக்கின் பின்வரிசையில் போய் ஒட்டும்படி விட்டேன். எனக்கே திருப்தியான அடி அது. அந்த இடத்திலிருந்து முறையாக ஆட வேண்டுமென்றால் எதையாவது திறந்துவிட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியவர் எழுந்து வந்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து, கியூவின் நுனியால் வெள்ளையை அடுக்கை நோக்கி மெல்லத் தொட்டார். எதுவும் குஷனுக்குப் போகவில்லை. வெள்ளை ஒட்டிய இடத்திலேயே ஒட்டி நின்றது. குறிப்பவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். தாளில் அவர் பெயருக்கு நேரே −1 ஏறியது. இப்போது அதே சிக்கல் என் கையில். நானும் அதையே செய்தேன், −1. அவர் மறுபடியும் வந்து தொட்டார். நானும் தொட்டேன். 39, 36. அக்கா மகன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது இந்த இடத்தில்தான்.

ஸ்ட்ரெய்ட் பூல் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்ததுதான். தொட்டு விளையாடும் இந்தப் போரை முதலில் தொடங்குகிறவர்தான் மூன்றாவது ஃபவுலின் வாசலுக்கும் முதலில் வந்து நிற்பார். இருவரும் இரண்டிரண்டு செய்த பிறகு முறை மீண்டும் அவருடையது. இனி அவரால் தொட முடியாது, முறையாக ஆடியே தீர வேண்டும். அப்படியென்றால் அந்த அனுபவசாலி எதற்காகத் தொடங்கினார்? பதில் அவருடைய அடுத்த அடியில் கிடைத்தது. முதல் முறை மேசையைச் சுற்றி வந்தபோதே அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அப்போது வெள்ளை நின்ற இடத்தில் அது சரியாக அமையவில்லை. நான்கு முறை தொட்டதில் வெள்ளை அரைப் பந்து அகலத்துக்கு நகர்ந்திருந்தது. பின்வரிசையின் இடது ஓரப் பந்தின் விளிம்பு இப்போது தெரிந்தது. கியூவின் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கிப் பிடித்து, அந்த விளிம்பை மயிரிழை உரசி, கீழ்க் குஷன், இடது நீளக் குஷன் என்று தட்டி வெள்ளையை மேசையின் அந்தக் கோடிக்கு அனுப்பினார். அது மேல் குஷனில் போய் ஒட்டி நின்றது. இரண்டரை மீட்டர் நீள மேசை. முறையான அடி, பாதுகாப்பான அடி. அதோடு அவருடைய ஃபவுல் எண்ணிக்கை அழிந்து பூஜ்யமானது.

என்னுடையது அழியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்த என்னிடம் வந்து இரண்டு விரலைக் காட்டி, "உங்களுக்கு ரெண்டு ஆயிடுச்சு" என்றார். இது வெறும் மரியாதை மட்டுமல்ல, விதியும் இதைக் கேட்கிறது. இரண்டு ஃபவுலில் இருப்பவர் மேசைக்கு வரும்போது அவரை எச்சரிக்க வேண்டும். எச்சரிக்காவிட்டால் அடுத்த ஃபவுல் மூன்றாவதாக எண்ணப்படாது, இரண்டாவதாகவே நிற்கும். ரெஃப்ரி செய்ய வேண்டிய வேலை. ரெஃப்ரி இல்லாததால் அவர் செய்தார். அவருக்கும் அதில் லாபம் உண்டு. ஆனாலும் என் கண்ணைப் பார்த்து, நான் கேட்டேனா என்று உறுதி செய்துகொண்டு போய் உட்கார்ந்த விதத்தை நான் மறக்கவில்லை.

அந்தக் கோடியிலிருந்து அடுக்கின் வலது ஓரப் பந்தை மெல்ல உரசித் திரும்பி வருவதுதான் எனக்கு இருந்த வழி. அதையே ஆடினேன். உரசியது, வெள்ளை திரும்பி வந்தது, ஈரத் துணியில் மேல் குஷனுக்கு ஓரடி முன்னாலேயே நின்றுவிட்டது. ஓரப் பந்து கழன்று நடுக்குழிக்கு வழி காட்டியபடி நின்றது. அந்த இடத்தில் அதைவிட நல்ல அடி ஒன்று எனக்கு இருந்ததாக இன்றும் தோன்றவில்லை. அவர் அந்தப் பந்தைப் போட்டார், அதே அடியில் அடுக்கைத் தளர்த்தினார். பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது பந்தைப் போடும்போதே, அடுக்கின் வலப்பக்கம் ஒதுங்கி நின்ற ஒரு பந்தை அவர் காப்பாற்றுகிறார் என்று தெரிந்துவிட்டது. இரண்டு முறை அதைப் போட எளிய வாய்ப்பு வந்தும் தொடவில்லை. 13 பந்துகள் போட்டார், அடுக்கு வைத்தார்கள், காப்பாற்றிய பந்தைப் போட்டார். இந்த முறை அடுக்கு கலைந்தது. இன்னும் 7. மொத்தம் ஒரே மூச்சில் 21. 60க்கு 36. கை கொடுத்தோம்.

சுவாரெஸின் கை

அக்கா மகன் கால்பந்துப் பிரியன். காரில் அவன் எடுத்த முதல் ஆயுதம் 2010 உலகக் கோப்பை. ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உருகுவே–கானா காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் 1–1. கானாவின் தலையடி கோலுக்குள் போகும்போது கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரெஸ் கையால் தட்டிவிட்டார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் அடித்தது மேல் கம்பத்தில் பட்டுப் போனது. பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் உருகுவே வென்றது. "சுவாரெஸும் விலை குடுத்துட்டுத்தான் மாமா போனான். சட்டத்துல இருக்கிறது எல்லாம் அவனுக்குக் கிடைச்சுது. அப்ப அவன் பண்ணது சரியா?"

இதற்கு எனக்கு ஒரு பதில் உண்டு. சுவாரெஸ் எடுத்தது கானா ஏற்கெனவே சம்பாதித்துவிட்ட ஒன்றை. பந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. சட்டம் அதற்கு ஈடாகக் கொடுத்தது ஒரு வாய்ப்பை மட்டும். பெரியவர் வெள்ளையைத் தொட்டபோது என்னிடமிருந்து எந்தப் புள்ளியும் போகவில்லை. அவரிடமிருந்து ஒன்று போயிற்று. மேசை அப்படியே எனக்கு வந்தது, அவர் செய்ததையே செய்யும் உரிமையும் எனக்கு அப்படியே இருந்தது. கானாவுக்கு அப்படி ஒரு உரிமை இல்லை.

ஆனால் மனசாட்சியோடு சொன்னால், இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. நான் சம்பாதித்தது புள்ளி இல்லைதான். ஆனால் அந்த சேஃப்டியை நான் உழைத்துச் சம்பாதித்திருந்தேன். அவரை ஒரு மூலையில் மாட்டியிருந்தேன். அவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, அந்த மூலைக்குள் என்னைத் தள்ளிவிட்டுப் போனார். முதல் முறை அவர் தொட்டபோது எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது உண்மை. புதுச்சேரியில் நாங்கள் கேரம் ஆடிய திண்ணைகளில் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், போட்ட காய் ஒன்றைத் திருப்பி வைப்போம். அது தவறிப்போய் நடப்பது. யாராவது வேண்டுமென்றே போட்டதாகச் சந்தேகம் வந்தாலே சண்டைதான். அந்தத் திண்ணையில் வளர்ந்த மனம் இந்த மேசைக்கு முன்னாலும் அதே கண்ணோடுதான் முதலில் பார்க்கிறது. அக்கா மகனும் அதே ஊர்க்காரன்தான்.

அவனுடைய இரண்டாவது ஆயுதம் இன்னும் கூர்மையானது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் நடைபாதையில் ஏற்றி நிறுத்தி, அபராதம் கட்டிய நண்பனைப் பற்றிச் சொன்னான். "காசு கட்டிட்டேன், அப்புறம் என்னங்கிறான் மாமா. வீல்சேர்ல வர்றவங்க எப்படிப் போவாங்க?" இதைக் கேட்டபோது எனக்கு இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. ஹைஃபாவில் 10 குழந்தைகள் காப்பகங்கள். மாலையில் குழந்தைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். சில காப்பகங்களில் தாமதத்துக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. உரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் 2000இல் இதை எழுதினார்கள். அதுவரை ஆசிரியை காத்திருக்கிறாரே என்று கூசியவர்கள், பணம் என்று வந்ததும் தாமதத்தை ஒரு சேவையாக வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "பாத்தீங்களா, நீங்களே என் பக்கம் பேசுறீங்க" என்றான்.

அந்த இரவு தூங்கும் முன் எனக்கு ஒன்று தெளிவானது. காப்பகத்தின் அபராதம் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. நடைபாதையில் நிறுத்துவதற்கும் இன்று ஒரு தொகை, நாளையும் அதே தொகை. பணம் இருப்பவனுக்கு அது முடிவில்லாமல் திறந்திருக்கும் கடை. ஸ்ட்ரெய்ட் பூலில் முதல் ஃபவுலுக்கு 1, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 16. முதல் இரண்டையும் இந்த ஆட்டம் விலைக்கு விற்கிறது. மூன்றாவதைத் தண்டிக்கிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில், நீ எங்கே நிற்கிறாய் என்று உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. நான் மாட்டிய மூலையை அவர் விலை கொடுத்து அழித்துவிடவில்லை. இரண்டு முறை தள்ளிப்போட்டார். மூன்றாம் முறை அதே மூலையை, தன் கையால், முறையான ஒரு அடியால் தீர்த்தாக வேண்டியிருந்தது. அவர் தீர்த்தார். தீர்க்க முடியாதவராக இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளிகளும் வீணாய்ப் போய், மூன்றாவதில் 16ஐயும் இழந்திருப்பார். அவர் வாங்கியது யோசிக்கவும் வெள்ளை அரைப் பந்து நகரவும் தேவையான நேரத்தை. அந்த நேரத்தில் நானும் பங்காளி. என் இரண்டு தொடல்களும் சேர்ந்துதான் அவருக்கு அந்த விளிம்பைத் திறந்துவிட்டன.

இதனால்தான் இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற எண்களைப் படிக்கும்போது எனக்கு ஏதோ விட்டுப்போனதாக இருக்கிறது. வில்லி மஸ்கோனி 1954 மார்ச்சில் ஓஹியோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ந்து 526 பந்துகள் போட்டார், 8 அடி மேசையில், ஒரு காட்சி ஆட்டத்தில். 65 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019இல், கலிஃபோர்னியாவில் ஜான் ஷ்மிட் 626 போட்டார். 2022இல் ஜேசன் ஷா 714. வியக்க வைக்கும் எண்கள்தான், குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஷ்மிட்டும் ஷாவும் அவற்றை எடுத்தபோது எதிரே ஆட்டக்காரர் என்று யாரும் இல்லை. ஒருவர் தனியாக ஆடும்போது சேஃப்டி இல்லை, மூலை இல்லை, ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டிய தேவையும் இல்லை. 1966இன் யு.எஸ். ஓப்பன் இறுதியில் இர்விங் கிரேன் ஒரே மூச்சில் 150 போட்டு முடித்ததை எல்லாரும் சொல்வார்கள். அங்கே எதிரே ஜோ பால்சிஸ் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த 150 இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நடுவில் ஒரு பந்து தவறியிருந்தால் பால்சிஸ் எழுந்து வந்திருப்பார் என்பது ஒவ்வொரு அடியிலும் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் நான் யோசிக்காமல் இல்லை. காப்புக் கயிறு ஒரு பந்தை உரசிவிடக் கூடாதென்று துணி சுற்றிக்கொண்ட அதே மனிதர்தான் நால்வர் பார்க்க வெள்ளையைத் தொட்டு ஃபவுல் செய்தார். எனக்கு அந்த இரண்டும் முரணாகத் தெரியவில்லை. கயிறு உரசுவது யாருக்கும் தெரியாமல் போகக்கூடியது, அவருக்கே தெரியாமல் போகக்கூடியது. அப்படி ஒன்று தன் ஆட்டத்தில் நடந்துவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார். மற்றதை எல்லார் முன்னாலும் செய்து, தாளில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ரெஃப்ரி இல்லாத மேசையில் எனக்கு வேண்டியது இப்படிப்பட்ட எதிராளிதான்.

அக்கா மகன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான், ஏற்கவில்லை. எச்சரிக்கும் விதி நல்ல விதி என்று மட்டும் ஒப்புக்கொண்டான். இப்போது வியாழக்கிழமைகளில் அவனும் கிளப்புக்கு வருகிறான். கேரம் ஆடிய கை, கோணங்கள் சீக்கிரம் பிடிபடுகின்றன. ஆனால் தெரிந்தே ஃபவுல் செய்வதில்லை என்று வைத்திருக்கிறான். அடுக்குக்குப் பின்னால் மாட்டினாலும் முறையாகத்தான் அடிக்கிறான், அடுக்கு திறந்துகொள்கிறது, அதில் நான் பத்துப் பன்னிரண்டு போட்டுவிடுகிறேன். அதற்காக அவன் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை, நானும் மாற்றச் சொல்லவில்லை.

சென்ற வாரம் அவனே ஒரு யோசனையோடு வந்தான். "ஃபவுலுக்கு அஞ்சு புள்ளின்னு வெச்சா நீங்க தொடுவீங்களா மாமா?" ஆடிப் பார்க்கலாம் என்றேன். ஒரு ஃபவுலுக்கு 5, மூன்றாவது விதி பழையபடி. நான் ஒருமுறைகூடத் தொடவில்லை, தொட மனம் வரவில்லை. மாட்டிக்கொண்டவர் இருந்த வழியில் அடித்தார், அடுக்கு சீக்கிரம் சிதறியது, வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே ஒருவர் 60ஐத் தொட்டுவிட்டார். அவனுக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாரும் நேராக ஆடுகிறார்கள் என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. சேஃப்டி ஆடிவிட்டு எதிராளி என்ன செய்வார் என்று காத்திருக்கும் நேரமே அதில் இல்லாமல் போயிருந்தது. இந்த வியாழக்கிழமை 3 புள்ளி வைத்து ஆடுவதாகப் பேசியிருக்கிறோம்.